தலைவிக்குக் காய்ச்சல்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாரா? நான் சுகம்.

நுண்ணுயிரியல் சங்கத்துக்கு என்னைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இத்தனை வருஷம் பாடமும் நடத்தி, கிருமிகளோடு குடித்தனமும் நடத்தியதற்குக் கிடைத்த மரியாதை. மேடையில் கைகழுவுவதைப் பற்றி நன்றாகவே முழங்கினேன். இறங்கியதும் வாழ்த்த வந்த எல்லோருக்கும் கைகொடுத்தேன். மறுநாளே காய்ச்சல்! ஊருக்குத்தான் உபதேசம் என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. பயப்படாதே, இப்போது சரியாகிவிட்டது.

படுத்திருந்தபோது எங்கள் ஆய்வக உதவியாளர் ரொட்டி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தவர் சிரித்துவிட்டார். பால், சூப், நறுக்கிய ஆப்பிள் எல்லாவற்றிலும் என் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டியிருந்தேன். ஆய்வகத்தில் பெயரில்லாததைத் தூக்கி எறிந்துவிடுவோம்; அந்தப் பழக்கம்.

“இங்க வேற யாரு மேடம் எடுத்துக்கப் போறாங்க?” என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

உனக்கு ஒரு சின்ன வேலை. நீ போர்த்திக்கொள்ளும் பழைய போர்வையைத் தம்பியிடம் சொல்லி அனுப்பிவை. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து, வெந்நீரில் துவை, வெயிலில் போடு என்று உன்னைப் பாடாய்ப் படுத்தியவள் நான்தான். இதை மட்டும் துவைக்காமல் அனுப்பு. அதிலிருக்கும் கிருமிகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உன் மூத்தவள்