கஞ்சி நூல்

எடப்பாடி
21-5-1961

சோலாப்பூரில் இருக்கும் மாமாவுக்குக் கந்தம்மாள் கும்பிட்டு எழுதுவது. நானும் வசந்தாமணியும் உயிரோடு இருக்கிறோம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களோ என்னவோ.

மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. இதையாவது கடைசி வரை படியுங்கள்.

போன மாதம் நான் தறியில் இருந்தபோது, உங்கள் மகள் தனியாகத் தோட்டத்துக் கிணற்றில் இறங்கிக் கடைசிப் படியில் நின்றிருக்கிறாள். ஏழு வயசு. பக்கத்து வீட்டு மாரக்காள் பார்த்துத் தூக்கி வந்தாள். ஏன் போனாய் என்று அடித்தேன். அண்ணனுக்கு நீச்சல் வந்திருந்தால் செத்திருக்கமாட்டானாம், அதனால் கற்றுக்கொள்ளப் போனாளாம். எத்தனை நாளைக்கு நான் காவல் இருப்பேன்?

பொன்னனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வருசமாக நெஞ்சில் அடைத்துக் கிடக்கிறது. கிணற்றில் நீச்சல் பழக்கும்போது நீங்கள் கையைச் சீக்கிரம் எடுத்துவிட்டதால்தான் பிள்ளை போனான் என்று ஊர் பேசியது. நீங்களும் அதையே நம்பி ஊரை விட்டுப் போனீர்கள். அன்றைக்கு வீட்டில் அவன் முதுகில் மிதப்பதற்குச் சுரைக்குடுக்கையைக் கட்டி அனுப்பியவள் நான். கொட்டகை வரை போய்க் கயிறு எடுக்கச் சோம்பல்பட்டு, தறியில் கழித்த பாவு நூலை முறுக்கிக் கட்டினேன். கஞ்சி போட்ட நூல். முடிச்சு கல்லாட்டம் இருந்தது. தண்ணீரில் கஞ்சி கரைந்தால் முடிச்சு நெகிழும் என்பது நெசவுக்காரிக்குத் தெரியாதா? அன்றைக்குத் தோன்றவில்லை. குடுக்கை மட்டும் மிதந்ததைப் பார்த்தபோதே புரிந்துவிட்டது. உங்களை எல்லோரும் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் பாவி, மாமா.

இந்த ஒரு மாதமாக மாரக்காள் எனக்கு நீச்சல் சொல்லித் தருகிறாள். முதல் நாலு நாள் படியை விட்டுக் கை வரவில்லை, தண்ணீர் குடித்தேன், அழுதேன். இப்போது கிணற்றை ஒரு சுற்று வந்துவிடுகிறேன்.

வசந்தாமணியையும் இறக்கிவிட்டேன். குடுக்கையைத் தேங்காய் நார்க் கயிற்றில்தான் கட்டினேன். வயிற்றுக்கடியில் என் கையை வைத்தால் காலை உதைத்து நன்றாகப் போகிறாள். நேற்றுக் குடுக்கையையும் அவிழ்த்தாயிற்று. "கைய எடுங்கம்மா, நான் போயிக்கிறேன்" என்கிறாள். போய்விடுவாள், எனக்குத் தெரிகிறது. ஆனால் என் கை வரமாட்டேன் என்கிறது. மாரக்காள் திட்டிப் பார்த்துவிட்டாள்.

என்னை மன்னிக்க வேண்டாம், பேசக்கூட வேண்டாம். ஒரே ஒரு நாள் வாருங்கள். தண்ணீரில் இறங்கி, பிள்ளைக்கு அடியிலிருந்து என் கையை எடுத்துவிடுங்கள்.

வழி பார்த்திருக்கும்
கந்தம்மாள்