சமையலறைக் குழாயை யாரும் தொடாதீர்கள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுக்குத்தான் ஆளுக்கொரு குடைச்சல். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, கழுத்துவலி இல்லாமல், அந்தக் குளிரைச் சமாளித்துக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் சொல்லிவிடு. என்ன திடீரென்று கடிதம், போனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாய். நம் வீட்டில் எந்த மூலையில் நின்று போன் பேசினாலும் எல்லோருக்கும் கேட்கும், உனக்குத் தெரியாததா. இது உன் அப்பா காதில் விழாமல் சொல்ல வேண்டிய சமாசாரம். அதனால்தான் சமையல் மேடையில் தாளை விரித்து நின்றபடியே எழுதுகிறேன். உட்காரலாம்தான், உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து இரண்டு வரிக்கு ஒரு தடவை பேனாவை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். இன்று மருந்துக்கடைக்கு லீவு போட்டிருக்கிறேன். முதலாளி எதற்கு லீவு என்றார். எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பார்க்க ஒரு பேராசிரியை வருகிறார் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

நம் சமையலறைக் குழாயை நீ மறந்திருக்கமாட்டாய், கடைசியாக நீ வந்தபோதே சொட்டிக்கொண்டிருந்தது. ஊரில் இருக்கிற குழாயெல்லாம் சரிசெய்கிற பிளம்பருக்கு வாழ்க்கைப்பட்டு, சொட்டுகிற குழாயின் கீழே பாத்திரம் வைத்துச் சமைக்கிறவள் நானாகத்தான் இருப்பேன். நாளைக்கு, நாளைக்கு என்று அவர் தள்ளிப்போட, சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். இந்தக் குழாயை வைத்துத்தான் நம் வாண்டு பள்ளி அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கினாள். ஒன்பதாம் வகுப்பு வந்துவிட்டாள், இன்னும் வாண்டு என்று கூப்பிட்டால் முறைக்கிறாள், கூப்பிடாவிட்டால் என்ன கோபம் என்று கேட்கிறாள். மற்றப் பிள்ளைகள் எரிமலை செய்தார்கள், தெர்மோகோல் உருண்டைகளில் கிரகங்கள் செய்து தொங்கவிட்டார்கள். இவள் என் கடையிலிருந்து இருமல் மருந்து அளக்கிற கோடு போட்ட கப்பைக் கொண்டுவரச் சொல்லி, குழாயின் கீழே வைத்து, அது நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க ஆரம்பித்தாள். காலையில் மெதுவாகச் சொட்டுகிறதாம், மத்தியானம் வேகமாகச் சொட்டுகிறதாம். ஏன் தெரியுமா, தெருக் குழாய்த் தண்ணீர் நேராக வருவதால், இந்தக் கட்டிடத்தில் நாலு பேர் குளிக்கக் குழாயைத் திறந்தால் அழுத்தம் குறைந்து நம் சொட்டு மெதுவாகிவிடுமாம். மாடியில் இருக்கிற நர்ஸ் வேலை முடிந்து வந்து குளிப்பதும், எதிர்வீட்டுக்காரர் துணி துவைப்பதும் நம் குழாய்க்குத் தெரிந்துவிடுகிறது. ஊர்வம்பு பேசுவதற்கு நான் ஒருத்தி போதாதா, குழாய் வேறு வேண்டுமா என்றேன். இதற்குப் பெயர் ஆராய்ச்சி என்றாள். சமையலறைக் குழாயை யாரும் தொடாதீர்கள் என்று பெரிய எழுத்தில் எழுதிக் குழாய்க்கு மேலேயே ஒட்டியும் வைத்தாள்.

பள்ளியில் ஜெயித்த பிள்ளைகளின் வேலையை ஒரு பேராசிரியை நேரில் வந்து, அது இருக்கிற இடத்திலேயே பார்ப்பார். அவர் தேர்ந்தெடுக்கிறவர்கள் விடுமுறைக்குப் பல்கலைக்கழகத்தில் நடக்கிற அறிவியல் முகாமுக்குப் போகலாம். விடுதி, ஆய்வகம், தொலைநோக்கி, எல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே முகாம்தான். நீயும் இவள் வயதில்தான் போனாய்.

இந்தச் செய்தி வந்த சாயங்காலம் உன் அப்பா டீயைக் குடித்துவிட்டு, நல்லது, நல்லது என்று இரண்டு தடவை சொன்னார். மறுநாள் நான் கடையிலும் இவள் பள்ளியிலும் இருந்த நேரத்தில் குழாயைச் சரிசெய்துவிட்டார். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் என்னவோ குறைகிறதே என்று பார்த்தால் சத்தமே இல்லை. எனக்கு அப்போது ஆராய்ச்சியும் நினைவில்லை ஒன்றும் நினைவில்லை, வாயெல்லாம் பல்லாக அவரைப் பாராட்டினேன், அதுதான் என்னைச் சுடுகிறது. பிறகு வாண்டு வந்தாள். கப்பைக் குழாயின் கீழே பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. கப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள், அன்றிலிருந்து அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு எடுத்து வைப்பாள், செருப்பை ஓரமாக வைப்பாள், பேச்சு மட்டும் கிடையாது. கண்காட்சிதான் முடிந்துவிட்டதே, படமெல்லாம் சுருட்டி வீட்டுக்கு வந்துவிட்டதே, வேலை முடிந்தது என்று நினைத்தேன் என்கிறார் அவர். அதோடு விட்டாரா, சரிசெய் சரிசெய் என்று உயிரை எடுத்தது யார் என்று என் பக்கம் திருப்பிவிட்டார். எடுத்தது நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் குழாய்க்கு மேலே இவள் ஒட்டிய அந்தத் தாளை அவர் கிழிக்கவில்லை. பதமாக உரித்து, மடித்து, அலமாரியில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். விவரம் தெரியாமல் செய்கிறவர் அப்படிச் செய்வாரா, நீயே சொல். நேற்று வாய்விட்டே கேட்டேன், தெரிந்துதான் அடைத்தீர்களா என்று. "ஒழுகுற குழாயை அடைக்கிறது என் வேலை" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

பெரியவளே, உன்னைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. நீ முகாமுக்குப் போனாய், பிறகு கல்லூரிக்குப் போனாய், பிறகு மேல்படிப்பு, வேலை, இப்போது கடலுக்கு அந்தப் பக்கம். நடுநடுவே வந்தாய், விருந்தாளி மாதிரி வந்தாய். ஒரு விடுமுறைக்கு என்று அனுப்பினோம், அந்த விடுமுறை இன்னும் முடியவில்லை என்பதுதான் உன் அப்பாவின் கணக்கு. வெளியே சொல்லமாட்டார். எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை, இவளும் போய்விட்டால் இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் முகத்தை முகம் பார்த்துக்கொண்டு என்ன செய்வோம். ஆனாலும் அந்தக் கப் நிரம்புகிற நேரத்தில் இவள் முகத்தை நீ பார்க்க வேண்டும். அதைப் பார்த்த பிறகு போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. இவள் போக வேண்டும், எனக்கு அது வேண்டும்.

இப்போது கேள் கூத்தை. இன்று விடிந்ததும் உன் அப்பா யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தார். குழாயை ஒழுகவைக்க வந்திருக்கிறார். ஆயுசு முழுக்க அடைத்தே பழகிய கை, ஒழுகவைக்க வருமா. ஒன்று கொட்டுகிறது, இல்லையென்றால் நின்றுபோகிறது. கடைசியில் கழற்றிப் போட்ட பழைய வாஷரைப் பையின் அடியில் துழாவி எடுத்து மாட்டினார், தேய்ந்து காது மடல் மாதிரி வளைந்திருந்தது. சொட்ட ஆரம்பித்தது. வாண்டு கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் கப்பைக் கொண்டுவந்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினாள். அவர் லேசாக ஒரு திருகு திருகினார். மறுபடி கப், மறுபடி தலையாட்டல். ஒருவர் திருக ஒருவர் தலையாட்ட, காபி போடக்கூட என்னை உள்ளே விடவில்லை.  பழைய சொட்டு வரவில்லையாம், இது வேகமாக இருக்கிறதாம், என்னிடம்தான் வந்து சொன்னாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். வாசல் மணி அடிக்கிறது, பேராசிரியை வந்துவிட்டார் போலிருக்கிறது, அப்புறம் எழுதுகிறேன்.

வந்து, பார்த்து, போயும்விட்டார்.  பேராசிரியை என்றதும் நரைத்த தலையோடு கண்டிப்பாக ஒருவர் வருவார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், வந்தவருக்கு உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நாற்காலியைப் போட்டேன், வேண்டாம் என்று குழாய்க்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். வாண்டு கப்பை வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே சொட்டு மெதுவானது, எதிர்வீட்டில் துணி துவைக்கிறார்கள் என்றாள், அந்த நேரத்துக்குச் சரியாக அங்கே வாளி உருளுகிற சத்தம் கேட்டது, இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. உடனே பேராசிரியை, இவள் அளவெல்லாம் எழுதிவைத்த நோட்டைப் புரட்டி, நடுவில் சில நாள் அளவு இல்லையே, ஏன் என்று கேட்டார். ஊருக்குப் போயிருந்தோம் என்று சொல்லிவிடு என்று நான் கண்ணைக் காட்டுகிறேன், உன் தங்கை என் பக்கம் திரும்பினால்தானே. "இது பழைய ஒழுக்கு இல்ல மேடம். அப்பா அடைச்சிட்டாங்க, காலைலதான் திருப்பி ஒழுக வெச்சாங்க. ரெண்டையும் சேர்த்துப் பார்க்கக் கூடாது" என்றாள். போச்சு, எல்லாம் போச்சு என்று சுவரில் சாய்ந்துவிட்டேன். பேராசிரியை உன் அப்பாவைப் பார்த்து, ஏன் சார் அடைத்தீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அது என் வேலை என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். துடைத்த கையையே மறுபடி துடைத்துக்கொண்டு நின்றவர் சொன்னார், "அடைச்சிட்டா இவ போகமாட்டான்னு நினைச்சேன். பெரியவளும் ஒரு லீவுக்குன்னுதான் போனா."

 பேராசிரியை சிரிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. தானும் அப்படி ஒரு லீவுக்குப் போனவள்தான் என்றார், எப்போது வீட்டுக்கு வருவாய் என்று தன் அப்பா இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றார். பிறகு வாண்டுவின் தலையைத் தொட்டு, கெட்டுப்போனதைக் கெட்டுப்போனது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைதான் தனக்கு வேண்டும், பெட்டியைத் தயார் செய்துகொள் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை, புது ஒழுக்கை முதலிலிருந்து அளக்க வேண்டும், முகாம் நடக்கிற நாட்களிலும் விடக்கூடாது, வீட்டில் யார் அளப்பார்கள் என்று கேட்டார். எனக்குக் கடை இருக்கிறது என்று நான் ஆரம்பிப்பதற்குள் உன் அப்பா, "நான் பாக்கிறேன்" என்றார்.

இப்போது மூக்கு நுனியில் கண்ணாடியோடு கப்பின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். "அப்பா, கப்பைச் சாய்க்காதீங்க" என்று இவள் அதட்டினாள், இத்தனை நாளுக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அவர் சரிம்மா என்றார். எனக்குத்தான் இன்னும் நிலைகொள்ளவில்லை. விடுதியில் இவளுக்குத் தூக்கம் வருமா, மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறக்கிறவள் ஆயிற்றே, அங்கே யார் தேடித் தருவார்கள். எதை எடுத்துப் போக வேண்டும், அங்கே உனக்கு எது இல்லாமல் கஷ்டமாக இருந்தது என்று அவளுக்கு நாலு வரி எழுதிப் போடு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது என்னைக் கூப்பிடாதே, அப்பாவைக் கூப்பிடு. இன்றைக்குக் குழாய் எப்படிச் சொட்டுகிறது என்று கேள். நீ செய்கிற வேலை என்ன என்று புரியாமல்தான் அவர் உன்னிடம் சாப்பிட்டாயா என்பதற்கு மேல் பேசுவதில்லை, இப்போது உன்னிடம் சொல்ல அவருக்கும் ஒன்று இருக்கிறது.

நோய்நொடி அண்டாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, தலை நிமிர்ந்து இரு. ராத்திரி வேலை முடித்து வரும்போது தனியாக நடந்து வராதே. ஒன்று மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள். முகாம் முடிந்ததும் குழாயை அடைத்துவிடுவீர்களா என்று வாண்டு கேட்டாள். அக்காவும் நீயும் சேர்ந்து இந்த வீட்டில் இருக்கிற அன்றைக்கு அடைக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அதுவரைக்கும் நான் பாத்திரம் வைத்துக்கொண்டுதான் சமைக்க வேண்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா