மீனு கேட்டாள் என்று நீங்கள் சொன்னீர்கள்

ஆன்ட்டி,

நடந்ததை நடந்தபடியே எழுதுவது என்று முடிவு செய்துதான் உட்கார்ந்திருக்கிறேன். இறந்துபோனவர் என்பதற்காக உங்களைத் தெய்வமாக்கி எழுத மாட்டேன். நீங்கள் சொன்ன பொய்யையும் எழுதுவேன்.

இன்று மழை விட்டு வெயில் அடித்ததால் அம்மா அலமாரியை ஒழித்தாள். அடித்தட்டில் மீனுவின் பழைய பை இருந்தது. திறந்ததும் ரப்பர் ஷீட்டும் பவுடரும் கலந்த வாசனை வந்தது. அது உங்கள் வீட்டு வாசனை. அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "துவைக்கணும்" என்றாள். அவளும் எழுந்திருக்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை. இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் களைப்பு.

மயிலாப்பூர்ச் சந்தில், கீழ்த்தளத்தில், நீங்கள் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட இரண்டு அறைகள். ஒன்றில் குழந்தைகள் தூங்கும், இன்னொன்றில் சண்டை போடும். பள்ளி விட்டதும் நான் நேராக அங்கே வந்துவிடுவேன். தரமணியிலிருந்து அம்மாவின் ஆபீஸ் பஸ் வரும்வரை தங்கச்சி மீனுவோடு நானும் உங்கள் பொறுப்பு. அப்பா தி.நகர் துணிக்கடையை மூடிவிட்டுத்தான் வருவார்.

"வந்துட்டாங்கப்பா டீச்சரம்மா. இன்னா, இன்னிக்கும் புக்குக்குள்ள பூந்துக்கினா வெளியவே வர மாட்டியா?" என்று வரவேற்பீர்கள். நொச்சிக்குப்பத்தில் வளர்ந்த குரல். தூங்கும் குழந்தைகள் நடுவிலும் அது இறங்காது. ஆனால் ஒரு குழந்தைகூட அதற்கு விழித்ததில்லை.

மீனுவை எப்போது பள்ளிக்கு அனுப்புவது என்பதுதான் இந்த வருடம் முழுவதும் எங்கள் வீட்டில் பேச்சு. ஜூன் மாதம் சேர்க்கலாம் என்றார் அப்பா. வெளியாட்களைக் கண்டால் அவளுக்கு வாயே திறக்காதே என்று அம்மா தள்ளிப்போட்டாள். அடுத்தது விஜயதசமி, அன்றைக்குத் தெருவில் இருக்கும் மழலையர் பள்ளிகள் எல்லாம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும். "அக்கா சொல்லட்டும்" என்றாள் அம்மா. அக்கா என்றால் நீங்கள்.

உங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பள்ளிக்குப் போகும் வயது வந்த பிள்ளையை மாடி மாமி வீட்டுக்கு அனுப்பி, கறிவேப்பிலை வாங்கி வரச் சொல்வீர்கள். தானாக வாய் திறந்து கேட்டு வாங்கி வந்தால் அந்தப் பிள்ளை தயார். "தண்ணி வேணும், ஒண்ணுக்கு வருதுன்னு வாயத் தொறந்து கேக்கத் தெரியணும். ஏபிசிடி எவன் வோணா சொல்லித் தருவான்" என்பீர்கள். சந்தில் அம்மாக்கள் ஒருவரை ஒருவர் "உன் புள்ள கறிவேப்பிலை கேட்டாச்சா?" என்று விசாரித்துக்கொள்வார்கள்.

விஜயதசமிக்குச் சில நாட்கள் முன்பு மீனுவின் முறை வந்தது. நீங்கள் முதல் படியில், கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். "நீ பின்னாடியே போ டீச்சரம்மா. ஆனா வாயத் தொறக்காத" என்றீர்கள்.

மாமி கதவைத் திறந்தார். "அடடே, யாரு வந்திருக்கா! என்னடி வேணும் கண்ணு?"

மீனு என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு மாமியின் மூக்குத்தியையே பார்த்தாள். மாமி குனிந்து மறுபடி கேட்டார். இவளோ என் பின்னால் ஒளிந்துகொண்டாள். கடைசியில், "போறது போ, ஆத்துக்கு வந்த குழந்தையை வெறுங்கையோட அனுப்புவேனா" என்று மாமியே ஒரு கொத்துக் கொடுத்தார். மீனு அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இறங்கினாள்.

"கேட்டாளா?" என்றீர்கள்.

"இல்ல ஆன்ட்டி."

அவள் கையிலிருந்த கொத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டீர்கள். சற்றுப் பொறுத்து அம்மா வந்தாள். தோளில் ஆபீஸ் பை, முகத்தில் பஸ் தூசி.

"கேட்டா. அழகா கேட்டா. இந்த விஜயதசமிக்கே சேத்துடு" என்றீர்கள்.

அம்மா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் வெகுநாளாகப் பார்த்ததில்லை. அதனால்தான் வாய் திறக்காமல் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் கேட்டேன். "ஏன் பொய் சொன்னீங்க?"

"சொன்னேன். இன்னா இப்போ?" என்று சீறினீர்கள். பிறகு தலையணையில் சாய்ந்துகொண்டு தணிந்த குரலில் சொன்னீர்கள். உங்கள் குரல் இறங்கி நான் கேட்டது அப்போதுதான். "குனிஞ்சா நெஞ்ச அடைக்குதுடி. கொயந்தைய இடுப்புல தூக்க முடில. இத உங்கம்மா கைல சொன்னா இன்னா பண்ணும்? நாளைக்கே வேலைய வுட்டுட்டு வந்து குந்தும். நீ பொறக்கசொல்ல ஒருவாட்டி வுட்டுச்சே, திரும்ப ஒரு வேல கெடைக்க இன்னா பாடு பட்டுச்சு!"

"மீனு அங்க போய்ப் பேசலன்னா?"

"தெரியலயே" என்றீர்கள். பெரியவர்கள் அப்படிச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. "பேசும்னுதான் தோணுது. ஆனா தெரியல."

விஜயதசமியன்று தாம்பாளத்து அரிசியில் மீனுவின் விரலைப் பிடித்து எழுத வைத்தார்கள். மறுநாளிலிருந்து அழுகை. பள்ளிக் கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள் அழ, இந்தப் பக்கம் அம்மா பஸ் போய்விடுமே என்று ஓடுவாள். மாலையில் அவளை நானே கூட்டி வருவேன். உங்கள் சந்து வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போவோம். அங்கே வந்தால் அவள் திரும்ப மாட்டாள்.

கார்த்திகையில் நீங்கள் போய்விட்டீர்கள். அம்மா ஆபீஸிலிருந்து நேராக வந்து சேர்ந்தபோது உங்களைக் கல்லறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சாத்திய கதவுக்கு வெளியே நின்று, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே அக்கா" என்று அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல என்னிடம் நிறைய இருந்தது.

மீனு வகுப்பில் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் மிஸ் மாதிரி சுவரைப் பார்த்து "சைலன்ஸ்!" என்று அதட்டுகிறாள். ஆனால் அது மிஸ்ஸுக்குத் தெரியாது. நேற்று அவர் அம்மாவை அழைத்து, இவளை இன்னும் ஒரு வருடம் வீட்டில் வைத்திருந்து கொண்டுவரலாமே என்றிருக்கிறார்.

அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா இன்று என்னிடம் கேட்டாள். "நீ அன்னிக்குக் கூடவே மாடிக்குப் போனியே. நெஜத்தச் சொல்லுடி. அவ கேட்டாளா? ஆன்ட்டி என் மனசுக்காகச் சொன்னாங்களா? அவசரப்பட்டு அனுப்பிட்டேனோன்னு இருக்கு. பேசாம வேலைய எழுதிக் குடுத்துட்டு அவளோடவே இருந்துடட்டுமா?"

மீனு தரையில் உட்கார்ந்து தன் செருப்பைத் தானே மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், இடது வலது மாறி. அவள் பேசுவாளா என்று எனக்கும் தெரியவில்லை ஆன்ட்டி. அம்மாவின் கண்ணுக்குக் கீழே கருத்திருந்ததை மட்டும் பார்த்தேன்.

"கேட்டாம்மா" என்றேன். "அழகா கேட்டா."

அம்மா பையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். பிறகு, "அப்போ பேசிடுவா" என்றாள். நாளைக்கு ஆபீஸுக்கு உடுத்த வேண்டிய புடவையை எடுத்து வைத்தாள்.

உங்களுக்கு இது எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. இனி இதைச் சுமப்பது நான் ஒருத்திதான். இன்னும் எழுதலாம். ஆனால் மீனு தூங்க வேண்டும் என்று அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.