ஊர் கேட்ட ஆம்புலன்ஸும் சபை கட்டும் படகுத்துறையும்

அனுப்புநர்:
லோர்னா வாண்டிஹே,
பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
14, மில் சாலை, டாம்லின் க்ரீக், விஸ்கான்சின்.

பெறுநர்:
நகரசபைத் தலைவர் அவர்கள்,
டாம்லின் க்ரீக்.

பொருள்: சொத்துவரிச் செலவு பற்றிய ஆலோசனை வாக்கெடுப்பின் முடிவைச் சபை புறக்கணித்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கூடுதல் சொத்துவரியைப் பிப்ரவரி முதல் ஊருக்கென ஓர் ஆம்புலன்ஸை வாடகைக்கு வைக்கச் செலவிடலாமா, படகுத்துறையைப் புதுப்பிக்கச் செலவிடலாமா என்று கடந்த நவம்பரில் எங்களிடம் வாக்குச்சீட்டில் கேட்டீர்கள். ஆம்புலன்ஸுக்கு 612 பேரும் படகுத்துறைக்கு 148 பேரும் வாக்களித்தோம்.

2. அந்த வாக்குகளுக்காக மூன்று வாரம் வீடு வீடாக நடந்தவள் நான். என் பக்கத்து வீட்டுக்காரர் ஆர்வில் டெஷ், வயது எழுபத்தொன்று, இரண்டு முறை கதவைச் சாத்தினார். மூன்றாம் முறை, "நாம சொன்னா அவனுங்க கேட்டுடப் போறானுங்களாம்மா?" என்றார். கேட்பார்கள் என்று உங்கள் சார்பில் நான் வாக்குக் கொடுத்தேன். அவரும் வந்து வாக்களித்தார்.

3. ஜனவரிக் கூட்டத்தில் சபை படகுத்துறையைத் தேர்ந்தெடுத்தது. நான் எழுந்து காரணம் கேட்டேன். "மேடம், அது வெறும் ஆலோசனைதான். கேட்டுக்கிட்டோம். முடிவு எங்களுது" என்றீர்கள். சிலர் சிரித்தார்கள். தாங்களும் சிரித்தீர்கள்.

4. பிப்ரவரி 9 காலை, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பியபோது, ஆர்வில் தம் தபால்பெட்டியருகே பனியில் விழுந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. உடனே தொலைபேசியில் அழைத்தேன். இருபத்தெட்டு மைல் தள்ளியிருக்கும் ஊரிலிருந்து ஆம்புலன்ஸ் வர ஐம்பத்திரண்டு நிமிடம் ஆயிற்று. என் மேலங்கியை அவர்மீது போர்த்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் கால்மணி நேரம் அவர் ஏதோ சொல்ல முயன்றார். பிறகு முயலவில்லை.

5. நான் பார்ப்பதற்கு வெகுநேரம் முன்பே பக்கவாதம் தொடங்கியிருக்க வேண்டும், ஆம்புலன்ஸில் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அதற்கு மருந்து கொடுக்கும் நேரம் தாண்டிவிட்டது என்றார் மருத்துவர். ஆர்வில் பிழைத்துக்கொண்டார். பேச்சு வரவில்லை, வராது என்கிறார்கள்.

6. சட்டப்படி எங்கள் வாக்கு உங்களைக் கட்டுப்படுத்தாது என்பது எனக்குத் தெரியும். அதைத் தயவுசெய்து மறுபடி எழுதி அனுப்ப வேண்டாம். ஏப்ரல் வாக்குச்சீட்டில் இன்னொரு ஆலோசனைக் கேள்வி அச்சாவதாக அறிகிறேன். எங்கள் பதில் வேண்டாமென்றால் எங்களைக் கேட்காதீர்கள். இனி ஒரு கதவைக்கூட நான் தட்டமாட்டேன்.

7. ஆகவே, படகுத்துறை ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் அந்தத் தீர்மானத்தை மறுபடி விவாதத்துக்கு எடுக்கவும், ஒவ்வோர் உறுப்பினரும் தம் காரணத்தை எழுத்தில் தரவும் உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன் ஒருநாள் தாங்கள் ஆர்வில் வீட்டுக்கு நேரில் வந்து, இந்த முடிவை ஏன் எடுத்தீர்கள் என்று அவரிடமே சொல்ல வேண்டும். அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

பதிலை எதிர்பார்க்கும்,
லோர்னா வாண்டிஹே
(கையொப்பம்)

இடம்: டாம்லின் க்ரீக்
நாள்: மார்ச் 3