ஓட்டுநர் இல்லாத வண்டிக்கு ஓர் எலுமிச்சம்பழம்

மச்சான்,

இன்று காலை மட்டாஞ்சேரி கடைத்தெருவில் ஓர் ஆட்டோ என் முன்னால் வந்து நின்றது. முகப்பில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் புதிதாகக் கட்டியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பென்சிலைச் சீவி எழுத உட்கார்ந்தேன். ஆமாம், நானேதான் எழுதுகிறேன். "கிளின்னு பேரு, ஒரு எழுத்து தெரியாது" என்று கேலி செய்வாயே, உன் லாரியில் கிளீனராக ஓடிய இந்தக் கிளி இந்த வயதில் எழுதப் படித்துவிட்டான்.

உன் மகள் சுதா அமெரிக்காவில் படிக்கும்போது, கூடப் படித்தவர்களோடு சேர்ந்து தானே ஓடும் வண்டி ஒன்று செய்தாள். பாலைவனத்தில் பந்தயம். கல்லும் மணலும் பள்ளமுமான வழி, ஸ்டியரிங் பிடிக்க ஆள் கிடையாது. வெலிங்டன் தீவு கிடங்குகளுக்கு ஆயுள் முழுக்க லாரி ஓட்டி, ஒரு கோழியைக்கூட இடிக்காதவன் நீ. உனக்கு அது பொறுக்கவில்லை.

"யாரு மேலயாவது ஏறிட்டா யாரு பதில் சொல்றது மோளே?" என்று போனில் கேட்டாய். பிறகு நீயே இறங்கி வந்தாய். "முன்னாடி பழம் கட்டிடு. கண்ணு படாம இருக்கட்டும்."

"சரிப்பா" என்றாள்.

பந்தயத்தன்று அங்கே விடியல், நமக்கு அந்தி. இன்டர்நெட் கடைக்காரச் சேட்டன் நமக்காகப் பந்தய வழியின் படத்தைத் திறந்து வைத்தார். வண்டிக்கு ஒரு புள்ளி. மற்ற புள்ளிகள் ஊர்ந்தன. சுதாவின் புள்ளி கொஞ்ச தூரம் போய் நின்றது, நகரவே இல்லை.

"வண்டிக்கு முன்னாடி உருண்டையா ஒண்ணு இருக்கும். அதான் அதோட கண்ணு" என்றார் சேட்டன். "குறுக்கே என்ன ஆடினாலும் கல்லுன்னு நெனச்சு நின்னுடும்."

நீ என் கையைப் பிடித்தாய்.

"அளியா, நான் கட்டச் சொன்னேனே." மச்சான் என்பதை நீ மலையாளத்தில்தான் சொல்வாய்.

"படிச்ச பொண்ணு. கட்டியிருக்க மாட்டா."

"நான் சொல்லி அவ எதைச் செய்யாம இருந்திருக்கா?"

புறப்படும்போது எடுத்த போட்டோவைச் சேட்டன் தேடி எடுத்தார். அது மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் வானம், பிறகு வண்டியின் கூரை, அந்தக் கண். நீ திரையருகே குனிந்தாய். கடைசியில் பம்பர் தெரிந்தது. பழம் இல்லை.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. உன் முகமோ இன்னும் இருண்டது.

"கட்டலையே. அதான் கண்ணு பட்டுடுச்சு."

"கெட்டினாலும் குத்தம், கெட்டலைன்னாலும் குத்தமா?" என்று சேட்டன் சிரித்தார். நீ சிரிக்கவில்லை.

"அளியா, நீ ஒண்ணு சொல்லு" என்றாய்.

எதைச் சொல்லச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். கிடங்குச் சந்துகளில் நீ வண்டியைத் திருப்பும்போது நான் வண்டியின் பக்கவாட்டில் தட்டி, போகலாம் என்பதற்கு "போட்டே, போட்டே" என்பேன். அந்தச் சொல் வராமல் நீ வண்டியை நகர்த்தியதே இல்லை. கடை நிறைய இளவட்டங்கள், எனக்கு வெட்கமாக இருந்தது. மேசை விளிம்பைத் தட்டி மெதுவாகச் சொன்னேன்.

"போட்டே."

புள்ளி அசையவில்லை. மறுபடியும் சொன்னேன். கூடவே நீயும் முணுமுணுத்தாய். வெகுநேரம் கழித்து அது நகர்ந்தது. என் சொல்லால் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் நீ என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாய்.

மறுநாள் சுதா கூப்பிட்டாள். முன்னால் போன வண்டி கவிழ்ந்துவிட்டதாம். வழி சரியாகும் வரை இவளுடைய வண்டியைப் பந்தயம் நடத்துபவர்களே நிறுத்தி வைத்தார்களாம். பிறகு அதுவும் பாதி வழியில் மணலில் புதைந்துபோனதாம்.

"எதையாவது இடிச்சுதா?" என்று கேட்டாய்.

"இல்லப்பா."

"அப்ப என் மகதான். பழம்?"

"பின்னாடி கட்டினேன்ப்பா. பின்னாடி வர்றவன் கண்ணும் கண்ணுதானே."

நீ இருமல் வரும்வரை சிரித்தாய்.

இப்போது நான் ஒவ்வோர் எழுத்துக்கு முன்னாலும் அந்தப் புள்ளியைப் போல நின்றுவிடுகிறேன். 'ழ' வந்தால் வண்டி மணலில்தான். நீ பக்கத்தில் இல்லை, அப்போது மேசை விளிம்பை நானே தட்டிக்கொள்கிறேன். சொல் மட்டும் உன் குரலில் வருகிறது.

"போட்டே, அளியா."

போகிறேன் மச்சான்.