செத்த சேறு

பாரடாங் தீவு, அந்தமான், 4 பிப்ரவரி 2025

அன்புள்ள சுதாகர்,

சேற்று எரிமலையைச் சுற்றிப் படிகிற சுண்ணாம்புத் தகட்டை நுண்ணுயிர்கள் செய்கின்றனவா, இல்லை தண்ணீரும் பாறையும் தாமாகவே செய்துகொள்கின்றனவா என்று கிளம்பும்போது கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. என் சகாக்களுக்குத் தெரியுமாம், நான் நம்பவில்லை. அதற்குத்தான் நம் வீட்டுப் பின்வராந்தாவில் அந்தச் சேற்றுப் புட்டிகள். காற்று பட்டால் உள்ளே இருப்பவை செத்துவிடும். 'உயிர்' என்று எழுதியவற்றின் மூடியைத் தொடாதீர்கள். பதில் கிடைத்ததும், சொன்னபடி உங்களோடு சென்னைக்கே வந்துவிடுகிறேன்.

இங்கே சிக்னல் இல்லை. பஸ் டிரைவர் முருகானந்தம் இதைக் கொண்டுவருவார். மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

நளினி

போர்ட் பிளேர், 7 பிப்ரவரி

அன்பு நளினிக்கு,

நலம். மாத்திரை போட்டேன். உன் உயிர்களை வெயில் படாமல் சாக்கால் மூடி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "தாதா, க்யா சட் கயா?" என்று கேட்டாள். எதுவும் அழுகவில்லை, சயின்ஸ் என்றேன்.

நாலு நாள் கழித்து இன்று குழாயில் தண்ணீர் வந்தது. வாளி, குடம், குக்கர் எல்லாம் நிரப்பியும் வந்துகொண்டே இருந்தது. விட மனசு வருமா? 'செத்தது' என்று நீ எழுதிய புட்டிகள் சும்மாதானே கிடந்தன! சேற்றைக் கொட்டிக் கழுவி, தண்ணீர் பிடித்துவிட்டேன். உயிருள்ள ஒன்றைக்கூடத் தொடவில்லை, சத்தியமாக.

கப்பலில் நம் இருவருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. சென்னையில் மகள் கார்த்திகா நமக்காக மாடியைக் காலி செய்கிறாள்.

சுதாகர்

பாரடாங், 8 பிப்ரவரி

சுதாகர்,

அந்தச் சேற்றைக் கொதிக்கவைத்து நானே கொன்றேன். உயிருள்ளதில் தகடு படிந்து, செத்ததில் படியாவிட்டால்தான் அது நுண்ணுயிர்களின் வேலை என்று சொல்ல முடியும். இப்போது ஒப்பிட எதுவும் இல்லை. மிச்சத்தைச் சாக்குப் போட்டுக் காத்து என்ன பயன்? இத்தனை வருஷம் கூட இருந்தும், கொட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா? எல்லாம் மறுபடி முதலிலிருந்து. கப்பலுக்கு நான் வரவில்லை.

நளினி

9ஆம் தேதி: இதைக் கொடுத்தனுப்பப் போனேன். அதே பஸ்ஸிலிருந்து நீங்கள் இறங்கினீர்கள். "சேத்தக் கொட்டினதச் சொன்னேன், கார்த்திகா ஃபோன்ல என்னைக் கிழிச்சுட்டா. செத்ததும் வேணுமாமே?" என்றீர்கள். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, நான் காட்டிய இடத்தில் சேறு அள்ளித் தந்தீர்கள். மத்தியான பஸ்ஸில் ஏறியபின் ஜன்னல் வழியாக, "எல்லாம் மறுபடி முதல்லேருந்துதானே, உன் டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன். என்னோடத பண்ணல," என்றீர்கள். பஸ் கிளம்பிவிட்டது. நான் விடுதிக்குத் திரும்பி, அடுப்பைப் பற்றவைத்து, பாதிச் சேற்றைக் கொதிக்கவைத்தேன்.