பஞ்சம்மாள் பாடிய தப்புப் பாட்டு

ஆமத்தூர்,
நவம்பர் 29, சனிக்கிழமை

அன்பு மகள் எவாஞ்சலினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் சுகம், அயர்லாந்துக் குளிரில் உன்னையும் அவர் போர்த்திக் காத்துக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்கும்போது அப்பா எதற்குக் காகிதத்தைத் தேடிப் போனார் என்று நீ சிரிப்பாய். நம் வீட்டுப் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும், அம்மா கேட்பாள், அடுத்த வீட்டுப் பஞ்சம்மாள் கேட்பாள், தெருவில் போகிற தயிர்க்காரரும் நின்று கேட்பார். எனக்கு உன்னிடம் தனியாகச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது.

போன வாரம் நீ வேலை முடிந்து வந்து தாழ்ந்த குரலில் பேசினாயே, அது என் காதை விட்டுப் போகவில்லை. முதியோர் இல்லத்தில் ஆள் பற்றவில்லை, பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறேன், ஜெபிக்க முழங்கால் போட்டால் ஒரு வார்த்தை வரமாட்டேன் என்கிறது, ஆண்டவர் என்னைய விட்டுட்டாரோன்னு இருக்குப்பா என்றாய். நான் எல்லாம் சரியாப் போகும் தாயி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் வெட்கமாக இருந்தது. அது கேட்ட பிள்ளைக்குச் சொன்ன பதில் இல்லை, வாயடைக்கச் சொன்ன பதில். சரியான பதில் என்னிடம் இருந்தது, சொல்லத்தான் கூச்சம். அம்மா பாட ஆரம்பித்த கதையில் பாதியைத்தான் உனக்குப் போனில் சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதியை இப்போது எழுதுகிறேன், படித்துவிட்டு அப்பாவைப் பற்றிக் குறைவாக நினைக்காதே.

ஜூன் மாதம் அம்மாவுக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து பேச்சும் போனபோது நீ ஓடி வந்து இரண்டு வாரம் இருந்து பார்த்தாய். நீ விமானம் ஏறிய மறுநாள்தான் எனக்கு வீடு என்றால் என்னவென்று தெரிந்தது. பட்டாசு ஆலையில் முப்பத்து நாலு வருஷம் ஃபோர்மேனாக இருந்து, கேட்டில் நின்று ஒவ்வொருவர் மடியையும் பையையும் தடவித் தீப்பெட்டி இருக்கிறதா என்று தேடியவன், இப்போது தினமும் விடிந்ததும் அடுப்படியில் அதே தீப்பெட்டியைத் தேடினேன். என் முதல் இட்லியைப் பஞ்சம்மாள் பிட்டுப் பார்த்துவிட்டு, அண்ணாச்சி இதக் கொண்டு சுவரு எடுக்கலாம் என்றாள். இட்லி பிறகு பழகிவிட்டது. அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பதும், துடைப்பதும், கஞ்சி ஊட்டுவதும்கூடப் பழகிவிட்டன. அவளிடம் பேச முடியாததுதான் பழகவில்லை. முப்பது வருஷம் கரும்பலகையில் தேதியும் கிழமையும் எழுதிய டீச்சருக்கு அத்தனை வார்த்தையும் போய் ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது உனக்கும் தெரியும். தண்ணி வேணுமா என்றால் திங்கள்கிழமை. எங்க வலிக்கி என்றால் திங்கள்கிழமை. ஆரம்பத்தில் இரண்டு பேரும் அதற்குச் சிரித்தோம். ஆகஸ்டுக்குப் பிறகு அவள் சிரிப்பதை விட்டுவிட்டாள், நானும் விட்டுவிட்டேன்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அதற்கு முன் நாலைந்து நாளாக எனக்குச் சரியான உறக்கம் இல்லை. அம்மாவுக்குக் குளிக்க ஊற்றி, விரிப்பு மாற்றி, கஞ்சி ஆற்றிக் கொண்டுவந்தேன். வாயைத் திறக்கமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு வாய் குடி பாக்கியம் என்று எத்தனையோ தரம் கெஞ்சினேன். இடது கையால் ஒரு தட்டுத் தட்டினாள், கஞ்சி முழுக்கப் புது விரிப்பில் கொட்டிவிட்டது. எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை அம்மாடி, கரண்டியைச் சுவரில் விட்டெறிந்து, நானும் மனுசந்தான, எம்புட்டுத்தான் தாங்குவேன், செத்தாலும் தேவலைன்னு இருக்கு என்று கத்திவிட்டேன். முப்பத்தாறு வருஷத்தில் நான் அவளைப் பார்த்துக் குரல் உயர்த்தியது கிடையாது. அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விரிப்பை மாற்றினேன். மருந்து வாங்கப் போகிறேன், கொஞ்சம் பக்கத்தில் இரு என்று பஞ்சம்மாளிடம் பொய் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஆனைக்குட்டம் அணைக்கரைக்குப் போய் உட்கார்ந்தேன். திரும்பிப் போக வேண்டாம் என்றுதான் இருந்தது. அதற்கு மேல் அதை உனக்கு விவரமாக எழுத எனக்கு மனமில்லை, அந்த எண்ணம் வந்தது, வந்ததை ஒளிக்கவும் இல்லை. ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினேன். கோயிலில் நான் ஜெபிக்க எழுந்தால் கால் மணி நேரம் ஓடும் என்று நீ கேலி பண்ணுவாயே, அன்றைக்கு ஒரு வரி வரவில்லை. கடைசியில், என்னால இனி ஏலாது ஆண்டவரே, நீரே வந்து பாத்துக்கிடும் என்று மட்டும் சொன்னேன், கோபமாகத்தான் சொன்னேன், ஆமென்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஒரு வேப்பமரத்து அடியில் துண்டை விரித்துச் சாய்ந்தேன், அப்படியே உறங்கிவிட்டேன்.

யாரோ தோளைத் தொட்டு எழுப்பினார்கள். ஆடு மேய்க்கிற ஒரு மனுஷர், கண்ணுச்சாமி என்று பேர், அதற்கு முன் நான் பார்த்ததே கிடையாது. என்னய்யா, வெயிலு மூஞ்சியில அடிக்கிறதுகூடத் தெரியாம ஒறங்குறீக, எங்க கிடா உங்க துண்டுல பாதியத் தின்னுப்புட்டுது என்றார். பார்த்தால் உண்மையிலேயே பாதித் துண்டுதான் இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. தூக்குச்சட்டியைத் திறந்து, மொதல்ல ஒரு வாய் கஞ்சி குடிங்க, மொகமெல்லாம் வாடிக் கெடக்கு என்று மூடியில் கம்மங்கஞ்சி ஊற்றி இரண்டு வெங்காயமும் கையில் கொடுத்தார். குடித்தேன். இன்னுங் கொஞ்சம் ஊத்திக்கிடுங்க, போற தூரம் இருக்குல்ல என்று மறுபடியும் ஊற்றினார்.

வண்டியில் வரும்போதுதான் எனக்கு எலியா தீர்க்கதரிசி ஞாபகத்துக்கு வந்தார். ஞாயிறு பள்ளியில் உனக்கும்தான் அந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்தேன். பட்டாசுக்காரன் இல்லையா, வானத்திலிருந்து அக்கினி இறங்குகிற இடத்தை மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்வேன், அதற்கு அடுத்த பக்கத்தை அவசரமாகத் தாண்டிவிடுவேன். அவ்வளவு பெரிய தீர்க்கதரிசி அடுத்த பக்கத்திலேயே ராணிக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழே விழுந்து, போதும் ஆண்டவரே என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். ஆண்டவர் அவரைத் திட்டவும் இல்லை, உனக்கு விசுவாசம் இல்லையா என்று கேட்கவும் இல்லை. உறங்கவிட்டார், எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் உறங்கவிட்டார், மறுபடியும் கொடுத்தார். பேச்சு எல்லாம் அதற்குப் பிறகுதான். ஐம்பது வருஷமாக வேதம் வாசிக்கிறேன், அந்தப் பக்கம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது உள்ளே பாட்டுச் சத்தம். உனக்குப் போனில் சொன்ன பாதி இதுதான், ஆனாலும் முழுசாக எழுத ஆசையாக இருக்கிறது. நான் போன பிறகு அம்மா சத்தமில்லாமல் அழுதுகொண்டே இருந்தாளாம். பஞ்சம்மாளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டீச்சரம்மாவுக்கு அவுக சாமி பாட்டுப் பாடினாத் தேத்தலா இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்தது, வருஷா வருஷம் கிறிஸ்மஸ் பவனியில் நம் சபைக்காரர்கள் அவள் வாசலில் நின்று பாடுகிற நம்முடைய பாட்டு ஒன்றுதான், அதுவும் காதால் கேட்டது. எடுத்தவுடனே, மாடசாமி கோயிலிலே மன்னவன் பிறந்தாரே என்று கணீரென்று பாடியிருக்கிறாள். அம்மா அழுகையை நிறுத்திவிட்டாள். பஞ்சம்மாள் உற்சாகமாகி மறுபடியும் மாடசாமி கோயிலிலே என்று எடுக்க, தப்பைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாத டீச்சர் இடது கையால் கட்டிலைத் தட்டி, மாடடையும் கொட்டிலிலே மன்னவன் பிறந்தாரே என்று ராகத்தோடு முழு வரியையும் பாடித் திருத்திவிட்டாள். நான் உள்ளே நுழையும்போது பஞ்சம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நிற்கிறாள், அம்மா மூன்றாவது அடி பாடிக்கொண்டிருக்கிறாள். மூன்று மாதமாகத் திங்கள்கிழமையைத் தவிர வேறு வார்த்தை வராத என் பாக்கியம். நான் கட்டில் அருகே தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவள் என் தலையைத் தடவிக்கொடுத்து, ரொம்பப் பிரியமாக, திங்கள்கிழமை என்றாள்.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிரீத்திகா என்கிற பெண்ணிடம் கேட்டேன். பேச்சு மூளையில் ஒரு பக்கம் இருக்கிறது, பாட்டு மறுபக்கத்தையும் பிடித்துக்கொண்டு வரும், இனி வேண்டியதையெல்லாம் ராகம் போட்டே கேட்கச் சொல்லுங்கள் என்றாள். இதில் அற்புதம் எது, வைத்தியம் எது என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. நீரே பாத்துக்கிடும் என்று சொல்லிவிட்டு நான் உறங்கிய நேரத்தில் அவர் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இப்போது வீடு நாள் முழுக்கப் பாட்டுக் கச்சேரிதான். ரசத்தில் உப்பில்லையே என்று அதே பவனி ராகத்தில் ஒரு பாட்டு, மின்விசிறியைப் போடு என்று ஒரு பாட்டு. பஞ்சம்மாள் மகன் முத்துப்பாண்டி ஞாயிறுதோறும் ஆட்டோவில் எங்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறான், போன வாரம் பாடகர் வரிசையில் நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்தார்கள், பவனிப் பயிற்சியும் தொடங்கிவிட்டது. பஞ்சம்மாள் மட்டும் தன் வரியை மாற்றமாட்டாளாம். எங்க சாமியும் மாட்டுக்குக் காவலாத்தான நிக்கிறாரு, உங்க ராசா அங்கன பொறந்தா என்ன கொறஞ்சு போகும் என்று கேட்கிறாள். அம்மா தன் வரியையும் அவள் தன் வரியையும் பாடுகிறார்கள்.

ஆகையால் அம்மாடி, ஜெபம் வரவில்லை என்று நீ உன்னையே குத்திக்கொள்ளாதே. என்னால முடியல என்று சொன்னாலே போதும், அதையும் சொல்ல முடியாத நாளில் உன் பங்கையும் நாங்கள் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறோம். என்னைப் போல அணைக்கரை வரைக்கும் போக வேண்டாம், அதற்கு முன்னாலேயே யாரிடமாவது சொல், அங்கே உன்னோடு வேலை பார்க்கிற பிள்ளைகளிடம் சொல், எந்த நேரமானாலும் எனக்குப் போன் போடு. லீவு கேட்கக் கூச்சப்படாதே. குளிருக்கு இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள்.

இவ்வளவு எழுதிவிட்டு இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், கரண்டி எறிந்த இடத்தையும் விடாமல் வாசித்தேன். கேட்டு முடித்ததும் இடது கையால் என் கையைப் பிடித்தாள். பிறகு ராகம் இல்லாமல், பாட்டு இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக உதட்டில் கூட்டி, சாப்... பிட்... டாளா என்று கேட்டாள். ஐந்து மாதத்தில், திங்கள்கிழமையைத் தவிர, அவள் பாடாமல் பேசிய முதல் வார்த்தை இதுதான். யாரைப் பற்றிக் கேட்டாள் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதற்குப் பதில் எனக்கு எழுதாதே, போன் போட்டு அவளிடமே சொல். ஸ்பீக்கரில்தான் இருக்கும்.

உன்னை உருவாக்கியவர் உன் கைகளையும் கால்களையும் பெலப்படுத்தி, நிம்மதியான உறக்கம் தந்து ஆசீர்வதிப்பாராக.

என்றும் உன் நினைவாக,
அப்பா
ஜே. தேவாசீர்வாதம்